நல்ல அழுகை

கப்பைத் தட்டின் மேல் வைத்தபோது சத்தம் வரவில்லை.

மாயவன் அதை எடுத்து மறுபடியும் வைத்துப் பார்த்தான். பீங்கானும் பீங்கானும் தொட்டுக்கொண்டது விரலுக்குத் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. அடுக்களையில் அக்கா திரௌபதி கடுகு தாளிப்பது கேட்டது. ஜங்ஷன் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி பெட்டிகளை இழுத்துக்கொண்டு புறப்படுவது கேட்டது. வெயில் ஏற ஏற ஓடுகள் விரிந்து லேசாக முறுகும் ஒலிகூடக் கேட்டது. காதில் கோளாறு இல்லை. அந்தக் காதை வைத்துத்தான் அவன் சென்னையில் சோறு தின்றுகொண்டிருந்தான்.

முந்தாநாள் இதே கப்பை, இதே தட்டை, மைக்கின் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்திருந்தான். அப்போது அது சின்ன மணி போல ஒலித்தது.

"என்னடா தம்பி, கப்பையே பாத்துகினு இருக்க? எறும்பு கிறும்பு மெதக்குதா?" என்றாள் திரௌபதி.

"இல்லக்கா."

"உங்க மாமா ஒருவழியா கெணத்து ராட்டினத்துக்கு எண்ண போட்டுட்டாரு. கல்யாணமாயி வந்ததுலேருந்து கத்திகினு கெடந்துச்சு. மச்சான் வந்திருக்காருன்னு மரியாத."

திண்ணையில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்த கோதண்டபாணி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்தார். "நான் எங்க போட்டேன்?"

"போடாமயா கத்தாம இருக்குது?"

"சரி, போட்டேன்னே வெச்சுக்க. நல்ல பேரு வந்தா வேணாம்னா சொல்லப் போறேன்?"

இருவரும் சிரித்தார்கள். மாயவன் சிரிக்கவில்லை. ராட்டினத்தையும் அவன் பதிவு செய்திருந்தான்.

"இந்தப் பொண்ணுதான் என்னமோ நேத்து சாயந்தரத்துலேருந்து வாயத் தொறக்க மாட்டேங்குது" என்று திரௌபதி தொடர்ந்தாள். "என்னடி கோவம்னு கேட்டா, வாயப் பொளந்து பழிப்பு காட்டுது. செல்லம் குடுத்து வெச்சிருக்காரு உங்க மாமா."

அவள் புடவைக்குப் பின்னாலிருந்து பெரியநாயகி எட்டிப் பார்த்தாள். ஐந்து வயது இருக்கும். மாயவனைப் பார்த்ததும் அவள் வாய் மெல்லத் திறந்தது. மிகவும் அகலமாகத் திறந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு மூடிக்கொண்டது.

"பாத்தியா, மாமனுக்கே பழிப்பு காட்டுது" என்று அவள் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள் திரௌபதி.

மாயவன் ஆறிப்போன காப்பியைக் குடித்தான். நேற்று மாலை நடந்தது அவனுக்கு மட்டும் தெரியும். அவனுக்கும் குழந்தைக்கும்.

*

ஒரு காலத்தில் அவன் மாஸ்டர் மாயவன். ஊர் ஊராகச் சுவர்களில் அவன் முகம் இருந்தது. அநாதைப் பையனாக நடித்த ஒரு படத்தில் அவன் அழுத அழுகைக்குத் தியேட்டர்களில் பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள். அந்த அழுகை நடிப்பில்லை. காட்சி எடுக்கும் முன் டைரக்டர் அவனைத் தனியே அழைத்துப் போய், தோளில் கை போட்டு, 'உங்கம்மா பஸ்ஸில் அடிபட்டுச் செத்துட்டாங்க' என்று சொல்லியிருந்தார். அழுது முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அம்மா ஷூட்டிங் ஃப்ளோர் வாசலில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மீசை முளைத்ததும் வேஷம் போயிற்று. சவுண்டு என்ஜினீயர் தேவநாதன் இரக்கப்பட்டு அவனை எஃபெக்ட்ஸ் அறைக்குள் இழுத்துக்கொண்டார். திரையில் யாரோ நடக்க, இருட்டறையில் மைக் முன்னால் இவன் ஜல்லி மேல் நடப்பான். யாரோ கதவைச் சாத்த, இவன் ஒரு பழைய அலமாரியைச் சாத்துவான். அதில் கெட்டிக்காரன் என்று பேர் வந்தது. அவனுக்கும் அது பிடித்திருந்தது, அங்கே யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதால். அந்த அறையில் பொருள்கள் மட்டும் சீக்கிரம் கெட்டுப்போகும். கொலுசு, பூட்டு, வெண்கலக் கும்பா எதுவானாலும் சில நாளில் மந்தமாகிவிடும். தேவநாதன் காதருகில் ஆட்டிப் பார்த்துவிட்டு, 'சத்தம் செத்துப்போச்சுய்யா, வேற கொண்டா' என்று தூக்கிப் போடுவார். தேய்மானம் என்று மாயவன் நினைத்தான்.

வெளியேதான் கஷ்டம். எழுபத்திமூன்றாம் வருஷத்துச் சித்திரையிலும்கூட, அக்கா ஊருக்கு வரும் வழியில் வேப்பூரில் பஸ் மாறும்போது டீக்கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார். "நீ அந்த அழுவுற பையன்தான? எங்க, ஒரு தடவ அழுது காட்டு. டீ என் கணக்கு." பெஞ்சியில் இருந்தவர்கள் ஆவலாகத் திரும்பினார்கள். மாயவன் பல்லைக் காட்டிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான்.

அவனால் அழ முடியாது. அம்மா நிஜமாகச் செத்தபோதும் முடியவில்லை. கண்ணீர் வந்தது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. பிணத்தைச் சுற்றியிருந்த பெண்களில் ஒருத்தி, "காசு குடுத்தாத்தான் அழுவான் போல" என்றாள். மனசு கல்லாகிவிட்டது என்று அவனும் நம்பினான். அந்த வெட்கத்தோடேயே இத்தனை வருஷம் வாழ்ந்துவிட்டான்.

இப்போது எடுக்கும் படம் பீங்கான் தொழிற்சாலையில் நடக்கும் கதை. டைரக்டருக்கு எல்லாம் அசலாக வேண்டும். அக்காள் புருஷன் விருத்தாசலத்தில் ஜாடி ஷெட் வைத்திருக்கிறார் என்றதும் ஸ்டுடியோவிலிருந்து தோளில் மாட்டும் டேப் ரெக்கார்டரைக் கொடுத்து அனுப்பினார்கள். கிளம்பும்போது டைரக்டர் சொன்னார்: "ஒரு கொழந்த அழுகையும் வேணும்ப்பா. டப்பிங் பொம்பளைங்க அழுறது வேணாம். நிஜ அழுகை. உனக்குத் தெரியாததா?"

நேற்று மாலை, திரௌபதி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரம், அவன் பெரியநாயகியைப் புழக்கடைக்கு அழைத்துப் போனான். ஹெட்போனை மாட்டிக்கொண்டான். சுருள் சுற்ற ஆரம்பித்ததும் அவள் தோளில் கை வைத்தான். வேறு வார்த்தை அவனுக்குத் தோன்றவில்லை. அதே வாக்கியத்தைச் சொன்னான்.

குழந்தை அழுதது. அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ரெக்கார்டரில் ஒலியின் அளவைக் காட்டும் முள் எங்கே போகிறது என்று பார்த்தான். முள் சிவப்பைத் தொடாமல் அதன் விளிம்பில் ஆடியது. நல்ல அழுகை என்று நினைத்தான்.

பிறகு மிட்டாய் கொடுத்து, "சும்மா சொன்னேன்" என்றான். அவள் வாயைத் திறந்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடங்கிவிட்டாள் என்று அவன் எண்ணிக்கொண்டான்.

*

வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் ஷெட். களிமண் ஈரமும் எரிந்த சவுக்கும் கலந்த வாடை, தகரக் கூரையின் கீழே தேங்கிய வெயில், எதைத் தொட்டாலும் கையில் ஒட்டும் வெள்ளைத் தூள். சூளையில் ஆட்கள் சரக்கை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாழ்வான வாசல் வழியாகக் குனிந்து போவதும் வருவதுமாக இருந்தார்கள். சூளையைப் பார்த்துக்கொள்பவர் பரக்கத்துல்லா. மங்கலம்பேட்டைக்காரர், சட்டையில்லாத உடம்பும் தலையில் துண்டுமாக நிற்பார்.

இன்னொரு மூலையில் ராஜம்மாள் முந்தின சூளையில் வெந்த ஊறுகாய் ஜாடிகளை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் வேலை தட்டிப் பார்ப்பது. ஒரு மரக்குச்சியால் ஜாடியின் தோளில் ஒரு தட்டு. கணீரென்றால் வைக்கோல் கூடைக்குப் போகும். டொக்கென்றால் உள்ளே கீறல், உடைசல் குவியலுக்குப் போகும். கண்ணால் பார்க்கவே மாட்டாள். தட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள். நேற்றுக் காலை அவள் ஒவ்வொன்றாகத் தட்டத் தட்ட மாயவன் அதைப் பதிவு செய்திருந்தான். எல்லாமே கணீர்.

இன்று கூடையில் அடுக்கும் முன் வழக்கம்போல இன்னொரு முறை தட்டினாள்.

டொக்.

குவியலில் எறிந்தாள். அடுத்தது. டொக். அதையும் எறிந்தாள். அதற்கடுத்ததும்.

"மொதலாளி, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "நேத்து தட்டி எடுத்ததுங்க. பூரா செத்துக் கெடக்குது."

கோதண்டபாணி ஓடி வந்தார். அதற்குள் பாதி வரிசை குவியலில் உடைந்து கிடந்தது. "ஒரே ராத்திரியில எப்படி எல்லாம் கீறும்? காது அடச்சுகினு கெடக்குதா உனக்கு?"

"என் காதக் குத்தம் சொல்லாதீங்க. வேணும்னா சினிமாக்காரத் தம்பியத் தட்டச் சொல்லுங்க. அதுக்கு நல்ல காது."

மாயவன் குச்சியை வாங்கித் தட்டினான். ஈர மண்ணைத் தட்டியது போல இருந்தது.

பரக்கத்துல்லா உடைந்த ஓடு ஒன்றை எடுத்து, நாக்கால் தொட்டுப் பார்த்து, வெயிலில் திருப்பினார். "நல்லா வெந்திருக்குது. கீறலே இல்லியே மொதலாளி. நல்ல சரக்குல்ல ஒடச்சிட்டீங்க."

ராஜம்மாள் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு தன் கைகளைப் பார்த்தாள்.

மாயவன் மைக்கின் முன் வைத்ததையெல்லாம் மனசுக்குள் எண்ணினான். கப்பு. ராட்டினம். ஜாடி. ஸ்டுடியோவில் தேவநாதன் தூக்கிப் போட்ட கொலுசுகள், பூட்டுகள். கைதட்டிய ஒரு கூட்டத்தின் நடுவே நின்ற ஒரு பையன்.

பிறகு அந்த அகலமாகத் திறந்த வாய். பழிப்பு காட்டவில்லை அவள்.

அவன் வேலியைத் தாண்டினான். குழந்தை புழக்கடையில் தனியே உட்கார்ந்து கல்லை அடுக்கிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழுந்தாள். "பெரியநாயகி, இரும்மா, மாமா ஒண்ணும் பண்ண மாட்டேன்" என்றான். அவள் பின்னுக்குப் போனாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி, வேலியின் சந்தில் நுழைந்து ஷெட் பக்கம் ஓடினாள்.

துரத்தினால் மிரள்வாள் என்று அவன் தனக்குச் சொல்லிக்கொண்டான். அக்கா பார்த்துவிடுவாளே என்பதுதான் உண்மை. ஏன் உன்னைக் கண்டு ஓடுகிறாள் என்று கேட்பாளே. அவன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். ஷெட்டில் ஆட்கள் சாப்பிடப் போகும் குரல்கள் கேட்டன. பிறகு அதுவும் ஓய்ந்தது.

*

வெயில் தாழ்ந்தபோது திரௌபதி வாசலில் நின்று கூப்பிட்டாள். பிறகு தெருக்கோடியில் நின்று கூப்பிட்டாள். பிறகு குரல் மாறியது.

கிணற்றில் பாதாளக்கரண்டி விட்டார்கள். மணிமுத்தாற்றுப் பக்கம் இரண்டு ஆட்கள் ஓடினார்கள். ஸ்டேஷனுக்கு ஒருவன் சைக்கிளில் போனான். தெருவே திரௌபதியின் பின்னால் நடந்தது. மாயவனும் நடந்தான். ஷெட்டுக்கு வந்தபோது சூளை வாசலைச் செங்கல்லால் அடைத்து மண் பூசியிருந்தார்கள், ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பு வாய்களில் சுள்ளித் தீ. பெருந்தீ வைக்கும் முன் சரக்கில் உள்ள ஈரம் போவதற்கான இளந்தீ.

கோதண்டபாணி அதைப் பார்த்தார். "பாய்... உள்ள..."

"அதெல்லாம் இருக்காது மொதலாளி" என்றார் பரக்கத்துல்லா நிதானமாக. "நாங்க சோத்துக்குப் போனப்ப வாசல் தொறந்துதான் கெடந்துச்சு, இல்லேங்கல. ஆனா கூப்பிடாம நான் கடைசிக் கல்லு வெக்க மாட்டேன். எங்க வாப்பா காலத்துல ஒரு ஆட்டுக்குட்டி மாட்டிகிச்சு. அதுலேருந்து வழக்கம். தலைய உள்ள விட்டு, 'யாரு உள்ள, வெளிய வா'ன்னு கூப்புடுவேன். பூனை இருந்தாக்கூட கத்தும். இன்னிக்கும் கூப்புட்டேன். காது குடுத்துக் கேட்டேன். ஒரு சத்தம் இல்ல."

"கேட்டீங்கல்ல? நல்லா கேட்டீங்கல்ல?" என்றாள் திரௌபதி.

"அல்லா மேல ஆணையா கேட்டேம்மா. கொழந்த உள்ள இருந்தா கத்தாதா?"

அவள் மூச்சு விட்டாள். எல்லோருமே மூச்சு விட்டார்கள்.

மாயவனின் தொண்டைக்குள் ஒரு வாக்கியம் வந்து நின்றது. அவளால் கத்த முடியாது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அப்புறம் நேற்று மாலையைச் சொல்ல வேண்டும். தோளில் கை வைத்ததை. முள்ளைப் பார்த்ததை. எல்லோரும் அவன் முகத்தைப் பார்ப்பார்கள். ஆற்றுப் பக்கம் போயிருப்பாள். ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள். இதற்குள் கிடைத்திருப்பாள்.

கூட்டம் நகர்ந்தது. அவனும் நகர்ந்தான். வீட்டுக்குள் போனான்.

ரெக்கார்டரை எடுத்தான். சுருளைப் பின்னால் ஓட்டினான். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்தான். கப்பின் ஒலி அறையில் மணியாக ஒலித்தது. ஓடவிட்டபடியே நிஜக் கப்பைத் தட்டில் வைத்தான். ஒன்றும் இல்லை. திரும்ப வைத்தான். தட்டினான். தட்டே விரிசல் விட்டது. ஒன்றும் இல்லை. மைக் எடுத்தது திரும்பிப் போகாது.

சுருள் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ராட்டினம் கத்தியது. ஜாடிகள் ஒலித்தன. அவன் நிறுத்த மறந்துபோனான்.

பிறகு அழுகை.

தெருவரைக்கும் கேட்டிருக்கும். "அம்மா, அம்மா" என்று ஒரு குழந்தை குரல் கிழிய அழுதது. வாசலில் காலடிகள். "பெரியநாயகி! வூட்லதான் இருக்கா, வூட்லதான் இருக்கா" என்று சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் திரௌபதி கதவைத் தள்ளினாள்.

அறையில் குழந்தை இல்லை. தம்பி இருந்தான். சுற்றும் சுருள் இருந்தது.

அவன் கை பொத்தானைத் தேடியது. தவறான பொத்தான். சுருள் பின்னால் ஓடி, நின்று, மறுபடியும் ஆரம்பித்தது. அவன் குரல். சாந்தமான, பரிவான குரல்.

"பெரியநாயகி, உங்கம்மா பஸ்ஸில அடிபட்டுச் செத்துட்டாங்க."

திரௌபதி அசையவில்லை. அழுகை தொடங்கி, உயர்ந்து, உடைந்து, ஓய்ந்தது. டேப் சும்மா சீறிக்கொண்டிருந்தது.

"இத நீயா சொன்ன?" என்றாள். குரல் உயரவில்லை.

அவன் தலையைக் குனிந்தான்.

"அதனாலதான் வாயப் பொளந்துச்சா?"

"அக்கா, அதுக்குச் சத்தம் வராது. நேத்துலேருந்து வராது. அழுதாலும் வராது. கத்தினாலும்..."

அவன் முடிக்கவில்லை. அவள் பார்வை அவன் முகத்திலிருந்து பின்வேலிப் பக்கம் மெல்லத் திரும்பியது.

*

வேலி முள் கிழித்தது. அவன் நிற்கவில்லை. அவள் பின்னால் வந்தாள். அவள் கால் சத்தம் கேட்டது, மூச்சு கேட்டது. தகரம் சூடு. காற்றில் புகை. அடுப்பு வாய்களில் சுள்ளி மாறிச் சவுக்குக்கட்டை ஏறியிருந்தது.

"பாய், பிரிங்க. வாசலப் பிரிங்க."

"என்ன தம்பி இது? தீ பிடிச்சாச்சு."

"உள்ள இருக்குது."

பரக்கத்துல்லா அவனைப் பார்த்தார். பின்னால் வந்த திரௌபதியைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் துண்டை உருவிக் கையில் சுற்றிக்கொண்டார். சுவரருகே போய்க் காதை வைத்தார். சூடு பொறுக்காமல் எடுத்தார். மறுபடியும் வைத்தார். மற்றவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார், பேசாதீர்கள். கூட்டம் அடங்கியது. சவுக்கு வெடிப்பதுதான் கேட்டது.

வாசலில் இடுப்பு உயரத்தில் ஒரு துவாரம். தீயின் நிறம் பார்க்க விட்டது. ஒரு செங்கல்லால் மூடியிருந்தார்கள். மாயவன் வெறுங்கையால் பிடுங்கினான். தோல் கல்லோடு போயிற்று. குனிந்து கண்ணை வைத்தான்.

இருட்டு. புகை. அடியில் ஒரு சிவப்பு. அடுக்கிய ஜாடிகள், சிவப்பில் ஒரு பக்கம் மட்டும் தெரியும் ஜாடிகள்.

பிறகு அருகில் ஒன்று அசைந்தது. மிக அருகில்.

வாய்.

துவாரத்தை ஒட்டி, அதை நிறைத்துக்கொண்டு, அகலத் திறந்திருந்த ஒரு சின்ன வாய். உதடுகள் வெடித்திருந்தன. நாக்கு ஆடியது. தொண்டையின் ஆழத்தில் அந்தச் சின்னச் சதை துடிதுடித்தது. அந்த வாயிலிருந்து வரும் மூச்சு விட்டு விட்டு, சூடாக, அவன் கண் இமையில் மோதிக்கொண்டேயிருந்தது.

"ஒண்ணும் கேக்கலியே தம்பி" என்றார் பரக்கத்துல்லா, சுவரில் காதை வைத்தபடி, உயர்த்திய கையை இறக்காமல்.